ஏழாம் வார்டில் ஒருவருமில்லை

என் மனைவி ஒரு தெருவுக்குள் நுழைகிறாள் என்றால் முதலில் வாளிகள் கவிழ்கிற சத்தம் கேட்கும். "யாரு இந்தப் பழைய டயரை மழையில போட்டு வெச்சது? கொசுவுக்கு நீச்சல் குளம் கட்டி விட்டிருக்கீங்களா?" என்று தெருமுனையில் அவள் குரல் எழும்பியதுமே, வீட்டுக்கு வீடு தேங்கிக் கிடந்த தண்ணீரெல்லாம் சாக்கடையைப் பார்த்து ஓடும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. இதை ஒரு தடவை அவளிடமே சொல்லிவிட்டு இரண்டு நாள் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இருபத்திரண்டு வருடமாக அவள் ஏழாம் வார்டின் சுகாதாரப் பணியாளர். தொள்ளாயிரத்து நாற்பது வீடுகள். காய்ச்சல் கணக்கு, சொட்டு மருந்து, கொசுப்புழு, பிறந்த குழந்தையின் எடை, எல்லாவற்றுக்கும் அவள்தான் படியேற வேண்டும். எந்த மாடிப்படியில் எத்தனையாவது கல் ஆடும், எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமலே கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஒரு வீட்டுக்குப் போய் வந்ததும் நிலைக்கட்டையில் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டு வருவாள். எட்டு மாதத்துக்கு ஒரு ஜோடி செருப்பு தேயும். வலது முழங்கால் நாலு வருடமாக வீங்கிக் கிடக்கிறது, ஆனால் அதை முழங்கால் சொல்லுமே தவிர அவள் சொல்ல மாட்டாள்.

நான் வாஷிங் மெஷின் மெக்கானிக். எனக்கும் வீடு வீடாகப் போகிற பிழைப்புதான். என்னைக் கூப்பிட்டால் போவேன், அவள் கூப்பிடாமலே போவாள். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவே.

அலுவலகத்தில் அவளுக்கு 'ஜீரோ அக்கா' என்று பெயர். அது கேலி இல்லை, பட்டம். மாதக் கடைசியில் ஒவ்வொரு வார்டிலும் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு என்று பலகையில் எழுதுவார்கள். மற்ற வார்டுகளில் மூன்று, ஐந்து, ஒன்பது என்று ஓடும். ஏழாம் வார்டில் ஜீரோ. நாலு வருடம் தொடர்ந்து கொசுக்காய்ச்சலில் ஜீரோ என்று ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது, தூசு படிந்தால் எனக்குத்தான் திட்டு.

"முட்டை வாங்கினதுக்குப் பரிசு வாங்கின ஒரே ஆள் உலகத்துலயே நீதான்" என்றேன் ஒரு நாள்.

"நீங்க பள்ளிக்கூடத்துல முட்டை வாங்கினீங்க, நான் வேலையில வாங்கினேன். ரெண்டும் ஒண்ணாகுமா?" என்றாள். அதற்கு மேல் நான் ஏன் பேசப் போகிறேன்?

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த ஜீரோக்கள் எல்லாம் அவள் காலால் நடந்து சம்பாதித்தவை. பொய் ஜீரோ ஒன்றுகூடக் கிடையாது, அந்த ஒரு தடவையைத் தவிர.

போன வருடம் அரசாங்கம் ஆட்டிசத்துக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் சுவரொட்டி. வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும், எந்த வார்டில் பிள்ளைகள் இருக்கிறார்களோ அங்கே இலவசப் பயிற்சி மையம் திறப்பார்கள், பேச்சுப் பயிற்சி, கைவேலைப் பயிற்சி, பெற்றோருக்கு ஆலோசனை எல்லாம் தருவார்கள், ஆராய்ச்சி செய்பவர்களும் இந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று ஏற்பாடு. நல்ல திட்டம்தான். அரசாங்கத்தை வாய்க்கு வந்தபடி திட்டுகிற நானே சொல்கிறேன். பணியாளர்களுக்கு அரைநாள் வகுப்பு நடத்தினார்கள். கையில் பத்துக் கேள்விகள் அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்புகிறதா, விரல் நீட்டிக் காட்டுகிறதா, கண்ணைப் பார்க்கிறதா, இப்படிப் பத்து.

என் மனைவி பன்னிரண்டே நாளில் முடித்தாள். மற்றவர்கள் ஒரு மாதம் எடுத்தார்கள். ஏழாம் வார்டில் எத்தனை பிள்ளைகள்? ஜீரோ. சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். "ஜீரோ அக்கான்னா ஜீரோ அக்காதான்" என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். அவளும் சிரித்த முகமாக வீட்டுக்கு வந்தாள். நானும் சந்தோஷப்பட்டேன். எங்கள் வார்டில் ஒரு குழந்தைக்கும் ஒன்றும் இல்லை, நல்லதுதானே என்று நினைத்த மடையர்களில் நானும் ஒருவன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு லாண்டரிக் கடை. புருஷன் வீடுகளில் துணி வாங்கவும் கொடுக்கவும் போய்விடுவான், பெண்டாட்டி துவைக்கவும் தேய்க்கவும் கடையிலேயே இருப்பாள். நாலு மெஷினும் என் கைபட்டவை. அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை. அதை எல்லோரும் பாப்பா என்றே கூப்பிடுவார்கள். பாப்பா அதிகம் பேசாது. பெரிய மெஷினுக்கு எதிரில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, உள்ளே துணி சுற்றுவதையே மணிக்கணக்காகப் பார்க்கும். ஒரு தொந்தரவு கிடையாது. "என் பொண்ணுக்கு டி.வி.யே வேணாம்ணே, இதுதான் டி.வி." என்று லாண்டரிக்காரன் சிரிப்பான்.

அந்த மெஷினை ஒரு முறை பிரித்தேன், பேரிங் போயிருந்தது. பாப்பா தரையில் விழுந்து அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு மணி நேரம். நான் பூட்டி ஓடவிட்ட பிறகுதான் அடங்கியது, வந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டது. நான் என்ன செய்தேன்? சிரித்துவிட்டு, ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் ஒரு சுகாதாரப் பணியாளரை வைத்துக்கொண்டு, இதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

விஷயம் இந்த வருடம்தான் வெடித்தது. மூன்றாம் வார்டில் பயிற்சி மையம் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு லாண்டரியம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "ஏழாம் வார்டா? அங்க ஒருத்தருமே இல்லைன்னு பதிவாயிருக்கே" என்றார்களாம். சரி, இப்போது பதிவு செய்துகொள்ளுங்கள் என்றால் அதற்கும் வழியில்லை. ஆறு வயதுக்குள் பதிவான பிள்ளைகளுக்குத்தான் இடம். பாப்பாவுக்குப் போன மாதம் ஆறு முடிந்துவிட்டது. கணக்கெடுத்தபோது அவளுக்கு வயது ஐந்து.

அன்று மாலை லாண்டரியம்மா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அக்கா, நீங்க கடைக்கு வந்தப்போ பாப்பா அங்கதானே உட்கார்ந்திருந்தா?"

என் மனைவிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உட்கார்ந்திருந்தா. நான் உன்கிட்டக் கேட்டேன், நீதானே இல்லைன்னு சொன்ன? கையெழுத்தும் போட்டியே!"

"நீங்க அப்படித்தானேக்கா கேட்டீங்க?"

"எப்படி?"

"'பாப்பாவுக்குப் பேச்சுல கீச்சுல ஒண்ணும் பிரச்சனை இல்லையே?'ன்னு கேட்டீங்க. நான் இல்லைக்கான்னேன். 'கூப்பிட்டா பார்ப்பா இல்ல?'ன்னீங்க. பார்ப்பான்னேன். அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்குப் போயிட்டீங்க."

என் மனைவி ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

லாண்டரியம்மா போன பிறகு அவள் அந்தப் பத்துக் கேள்வித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இருபத்திரண்டு வருஷமா ஒவ்வொரு வாசல்லயும் 'காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லையே'ன்னுதாங்க கேட்டிருக்கேன். காய்ச்சலுக்கு அது சரி. இருந்தா மூஞ்சியிலயே தெரிஞ்சிடும், யாரும் மறைக்க மாட்டாங்க. இதுக்கும் அதே மாதிரி கேட்டுட்டேன். இல்லைன்னு சொல்லுங்கன்னு வேண்டிக்கிட்டே கேட்டா, எந்தத் தாய் இருக்குன்னு சொல்லுவா?"

அவளுக்கு ஜீரோ என்பது நல்ல எண். இந்தக் கணக்கில் மட்டும் ஜீரோ என்றால் ஒரு பிள்ளைக்கும் உதவி கிடையாது என்று அர்த்தம். அது அவள் மண்டையில் ஏறவேயில்லை. சூப்பர்வைசர் மண்டையிலும் ஏறவில்லை, ஏறியிருந்தால் டீ வாங்கிக் கொடுத்திருப்பாரா?

வேறு யாராக இருந்தாலும் நாலு நாள் அழுதிருப்பார்கள். என் மனைவி மறுநாள் காலையிலேயே குடையை எடுத்தாள்.

தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறாளே என்று முணுமுணுத்தேன். காதில் விழுந்துவிட்டது. "வாலாவது கையில இருக்கே, அதைப் பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். வேலை நேரத்தில் வழக்கமான வேலை, மாலையில் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் மறுபடி இந்தக் கணக்கு. தாளைப் பையிலேயே வைத்துவிட்டாள். வாசலில் நின்று கேட்கவும் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். முழங்கால் வலிக்கிறது என்று முதல் முறையாக எல்லோரிடமும் சொன்னாள், உட்கார ஒரு சாக்கு வேண்டுமே! பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, "உங்க பிள்ளை செய்யறதுல உங்களுக்குப் புரியாதது ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விதான். தாய்மார்கள் கொட்டித் தீர்த்தார்கள். ஒரு வீட்டில் ஒருத்தி ஒன்றரை மணி நேரம் பேசினாளாம், நாலு வருடமாக யாரும் அவளைக் கேட்கவே இல்லையாம்.

எல்லா வீட்டிலும் இப்படி வரவேற்பு இருக்கவில்லை. ஒரு வீட்டில் பிள்ளையின் தகப்பன் கதவை மறித்துக்கொண்டு நின்றான். "எங்க வீட்டுல பைத்தியம் யாரும் இல்லம்மா."

"பைத்தியம்னு நானா சொன்னேன்? நீங்கதான் சொல்றீங்க. பிள்ளை காதுல விழப் போகுது, மெதுவாப் பேசுங்க" என்றாள் இவள். அவன் குரலைத் தாழ்த்தினான். குரல் தாழ்ந்தால் கதவு திறக்கும் என்பது அவள் அனுபவம். பத்து நிமிடத்தில் உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று அந்தக் காலத்திலேயே சொல்லி வைத்துவிட்டார்கள். வாயில்லாத பிள்ளை என்ன செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கணக்கெடுப்பு என்று ஒரு நாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள். நான் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

ஆறு வாரத்தில் பதினோரு பிள்ளைகளைக் கண்டுபிடித்தாள். குழந்தைகள் டாக்டரம்மா ஒருவர் வாரம் ஒரு நாள் எங்கள் சுகாதார நிலையத்துக்கு வருவார். அவர் பதினோரு பேரையும் பார்த்து ஏழு பேருக்கு ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். மற்ற நாலில் இரண்டு பேருக்குக் காது கேட்கவில்லை, அதுவும் இப்போதுதான் தெரிந்தது. ஏழில் ஆறு பேர் ஆறு வயதுக்குள். அவர்கள் புதுப் பட்டியலில் சுலபமாக ஏறிவிட்டார்கள். மிச்சம் பாப்பா ஒருத்தி.

சூப்பர்வைசர் முதலில் குதித்தார். "என்னம்மா இது! ஜீரோ இருந்த இடத்துல திடீர்னு ஏழுன்னா, மேல இருக்கிறவங்க வியாதி பரவிடுச்சுன்னு நினைக்க மாட்டாங்களா?"

"இது பரவுறது இல்ல சார். இருந்ததை இப்பத்தான் எண்ணியிருக்கோம்."

"சரி, அந்த லாண்டரிக் குழந்தை?"

"அவளையும் சேர்க்கணும் சார். போன வருஷக் கணக்குல விட்டுப்போச்சுன்னு எழுதித் தரேன்."

சூப்பர்வைசர் விதியைப் புரட்டிப் பார்த்தார். விதியில் ஒரு சந்து இருந்தது. கணக்கெடுத்தவரின் தவறால் ஒரு பிள்ளை விடுபட்டிருந்தால், தலைமை அலுவலகத்துக் குழு விசாரித்து, கணக்கெடுத்த தேதியிலேயே பதிவு செய்ததாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பெற்றோர் மறைத்ததால் விடுபட்டிருந்தால் சலுகை கிடையாது. பாப்பாவின் தாய் 'இல்லை' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஆகவே பெற்றோர் மறைத்தார்கள் என்று ஒரு வரி எழுதினால் என் மனைவிக்கு ஒரு சேதமும் இல்லை, பாப்பாவுக்கு இடமும் இல்லை. 'என் தவறு' என்று அவள் எழுதினால் பாப்பாவுக்கு இடம் கிடைக்கலாம், அந்தக் காகிதம் இவளுடைய பணிப் பதிவேட்டில் ஏறும்.

அந்த நேரத்தில்தானா ஏற வேண்டும்! அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல். முதல் பெயர் இவளுடையது. சூப்பர்வைசர் ஆகிவிட்டால் நடை கிடையாது, படியேற்றம் கிடையாது, மேஜையும் நாற்காலியும் மின்விசிறியும் உண்டு. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இன்னும் எட்டு வருடம் எப்படி ஏறி இறங்குவாள் என்று எனக்கு நித்தம் கவலை.

வீட்டுக்கு வந்து சொன்னாள். எனக்கு வந்ததே கோபம்!

"உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? ஆறு பிள்ளைங்களைச் சேர்த்தாச்சு. ஊர் மெச்சுற வேலை. ஏழாவதுக்கு ஏன் உன் தலையைக் கொண்டுபோய்க் கொடுக்கிற? அந்தப் பொம்பளை வாய்திறந்து இல்லைன்னு சொல்லியிருக்கா, கையெழுத்துப் போட்டிருக்கா. அதை அப்படியே எழுதேன். பொய்யா சொல்லச் சொல்றேன்? நடந்ததைத்தானே எழுதச் சொல்றேன்? நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?"

அவள் சாவகாசமாகப் பையை ஆணியில் மாட்டினாள். "கத்தி முடிச்சாச்சா?"

"முடிக்கல."

"அப்ப முடிங்க. நான் கை கழுவிட்டு வரேன்."

கழுவிவிட்டு வந்தாள். எதிரில் உட்கார்ந்தாள். "நீங்க அந்தப் பெரிய மெஷினைப் பிரிச்சப்போ பாப்பா ஒரு மணி நேரம் அழுதாளாமே. லாண்டரிக்காரன் சொன்னான். என்கிட்ட ஏன் சொல்லல?"

நான் ஆணியில் தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களைக் குத்தம் சொல்லலைங்க. நீங்க மெக்கானிக். உங்களுக்கு மெஷின் ஓடினா போதும். நான் என்ன மெக்கானிக்கா?"

எனக்கு அவமானமாக இருந்தது. அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. ஆனால் மனசு சமாதானமாகவும் இல்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவள், அதில் நான் என்ன செய்ய?

விசாரணை நாளன்று ஸ்கூட்டரில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தலைமை அலுவலகத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. படிக்குப் படி கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். லாண்டரியம்மா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னாலேயே வந்து காத்திருந்தாள். ஆறு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள், இறக்கிவிட்டால் ஓடிவிடும் என்று பயம். அவளை உள்ளே கூப்பிடவில்லை. அறைக் கதவு திறந்தே இருந்ததால் வராந்தா பெஞ்சிலிருந்து எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர்: நடுவில் பெரிய அதிகாரி, ஒரு பக்கம் எங்கள் டாக்டரம்மா, இன்னொரு பக்கம் குறிப்பெழுதுகிற குமாஸ்தா.

டாக்டரம்மா முதலில் பேசினார். "இது ஆறு வயசுல புதுசா வர்றது இல்ல சார். போன வருஷமும் இந்தக் குழந்தைகிட்ட இருந்திருக்கும். அதுல சந்தேகமே வேண்டாம்."

பெரிய அதிகாரி கெட்டவர் இல்லை, ஆனால் காகிதத்தை நம்புகிறவர். போன வருடத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். "இருந்திருக்கும், சரி. யார் தப்பால விடுபட்டதுங்கிறதுதான் கேள்வி. இந்தம்மா கேட்டிருக்காங்க. தாய் இல்லைன்னு சொல்லியிருக்காங்க, கையெழுத்து இருக்கு. இதுல கணக்கெடுத்தவங்க தப்பு எங்க வந்துச்சு? கேட்கவே இல்லைன்னா தப்பு. கேட்டிருக்கீங்களே அம்மா?"

என் பக்கத்தில் லாண்டரியம்மா பாப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இவள் பதவி உயர்வும் போகாமல், பாப்பாவுக்கும் இடமில்லாமல் போய்விடும் போலிருந்தது. எனக்கு வேண்டியது அதுதானே? ஆனாலும் அந்த நிமிடம் எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

அப்போது ப்யூன் ஒரு தட்டில் டீ கொண்டுவந்து வைத்தார். பெரிய அதிகாரியின் கோப்பையைத் தனியாக எடுத்து, "இது சீனி போடாதது சார்" என்று அவர் கைக்கு நகர்த்தினார். அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்து மேஜையில் வைத்து, ஒன்றைப் போட்டுக்கொண்டு டீயைக் குடித்தார். என் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்கம்மா. உங்க தப்பு என்ன?"

"சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி..." என்று அவள் வாசலில் நிற்கிற மாதிரியே நின்றுகொண்டு, அதே குரலில், அதே சிரிப்போடு கேட்டாள்: "உங்களுக்குச் சர்க்கரை கிர்க்கரை ஒண்ணும் இல்லையே சார்?"

"சேச்சே, இல்லையே" என்றார் பெரிய அதிகாரி.

அறை அப்படியே நின்றது. ப்யூன் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே சீலிங்கைப் பார்த்தார். குமாஸ்தாவின் பேனா பாதியில் நின்றுவிட்டது. டாக்டரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெரிய அதிகாரி கையில் இருந்த டீயைப் பார்த்தார், மாத்திரைப் பட்டையைப் பார்த்தார்.

"நான் ஏன் இல்லைன்னு சொன்னேன்?" என்றார் மெதுவாக.

"ஏன்னா நான் இல்லைன்னு சொல்லச் சொல்லித்தான் கேட்டேன் சார். நின்னுக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே, அடுத்த வீட்டுக்குக் கால் வெச்சுக்கிட்டே கேட்டேன். படிச்சவர், அதிகாரி, எதிர்ல டாக்டர் உட்கார்ந்திருக்காங்க, மாத்திரை இப்பத்தான் போட்டீங்க. நீங்களே இல்லைன்னுட்டீங்க. துணியைத் துவைச்சுக்கிட்டு நிக்கிற ஒரு தாய் என்ன சொல்லுவா சார்? தொள்ளாயிரத்து நாற்பது வீட்டுலயும் நான் இப்படித்தான் கேட்டேன். அந்தக் கையெழுத்து அவளோடதுதான். பதில் என்னோடது."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார். "ஜீரோ எழுதின வார்டு மொத்தம் எத்தனை?" ஐந்து என்றார் குமாஸ்தா. "அஞ்சுலயும் மறுபடி எடுக்கணும். வாசல்ல நின்னு இல்ல, உள்ள உட்கார்ந்து. எப்படின்னு இந்தம்மாவே மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்." அப்புறம் என் மனைவியைப் பார்த்தார். "இந்த வாக்குமூலம் உங்க பதிவேட்டுல ஏறும். என்னால நிறுத்த முடியாது. அடுத்த மாசப் பட்டியல்ல உங்க பேர் இருக்காது. தெரியுமில்ல?"

"தெரியும் சார். பேனா இருந்தா குடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

குமாஸ்தாவின் பேனாவையே வாங்கிப் போட்டாள். இறங்கும்போது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? "பார்த்து இறங்கு" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. ஒன்றில், பாப்பாவின் பெயர் போன வருடத் தேதியில் பதிவாகிவிட்டது, மறுநாளே பயிற்சிக்கு வரலாம் என்று இருந்தது. இன்னொன்றில், பதவி உயர்வுக்கு இவள் பெயர் இரண்டு வருடத்துக்குப் பரிசீலிக்கப்படாது என்று இருந்தது. முதலாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்க, லாண்டரிக்குப் போயிட்டு வருவோம்" என்றாள். இரண்டாவதை மடித்து என் சட்டைப் பையில் செருகினாள். "கத்தணும்னா வழியிலேயே கத்திக்குங்க." நான் கத்தவில்லை.

கடையில் லாண்டரியம்மா தேய்த்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை என் மனைவி படித்துக் காட்டினாள். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே மேஜையில் சாய்ந்து அழுதாள். பாப்பா ஒரு தலையணை உறையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தது, எங்களைப் பார்க்கவில்லை. அழுது முடித்ததும் லாண்டரியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷமாக இருப்பாள் என்று பார்த்தால், முகம் வெளிறிப் போயிருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது."

"சொல்லு."

"அன்னைக்கு நான் தெரிஞ்சேதான்க்கா இல்லைன்னு சொன்னேன். நீங்க கேட்ட விதத்தால ஒண்ணும் இல்ல. பாப்பாவுக்கு மூணு வயசாகறப்பவே எனக்குத் தெரியும். வெளிய தெரிஞ்சா எல்லாரும் ஒதுக்கிடுவாங்கன்னு பயம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சேன். நீங்க என்னைக் காப்பாத்தறதுக்காக உங்க மேல போட்டுக்கிட்டீங்க. பொய் சொன்னது நான்க்கா. தண்டனை உங்களுக்கா?"

நான் திடுக்கிட்டு என் மனைவியைப் பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் அவள் செய்து காட்டினாளே, அதெல்லாம் வீணா?

என் மனைவி கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தாள். "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ மறைக்கிறேன்னு தெரியும். இல்லைன்னு சொல்றப்போ நீ என் மூஞ்சியைப் பார்க்கல. பாப்பாவைப் பார்த்த. கையெழுத்துப் போடறப்போ எழுத்து கோணிக்கிட்டுப் போச்சு. இருபத்திரண்டு வருஷமா வாசல்ல நிக்கிறவ, எனக்கு அது தெரியாதா? பார்த்தேன். ஒரு நிமிஷம் உட்கார்ந்து, 'என்னம்மா?'ன்னு கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப. கேட்டா ஜீரோ போயிடும்னு என் கால் அடுத்த வீட்டுக்கு நடந்துடுச்சு. நீ பயத்துல மறைச்ச. நான் பெருமைக்காகப் பார்க்காத மாதிரி போனேன். அதுக்குத்தான் என் பேர்ல எழுதினேன். உன்னைக் காப்பாத்தறதுக்கு இல்ல."

இது எனக்கும் அதுவரை தெரியாது. குழுவிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை. இவ்வளவு நாள் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு அத்தனை படியும் ஏறி இறங்கியிருக்கிறாள்.

"அப்ப நாம ரெண்டு பேருமேவாக்கா?" என்றாள் லாண்டரியம்மா.

"ரெண்டு பேருமேதான்" என்றாள் என் மனைவி. "அதனால நாளைக்கு ரெண்டு பேருமா சேர்ந்து கூட்டிட்டுப் போவோம். ஒன்பது மணிக்கு ரெடியா இரு."